கப்பல் கவிழ்ந்தாலும்...

"கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே" என்பது பழமொழி. கப்பலைக் கண்ணால் காணாத எங்கள் கரிசல் காட்டுக் கிராமங்களிலும் இது வழங்கி வருகிறது. பருத்தியில் புழு விழுந்தாலும், உளுந்து பூக்கும் நேரத்தில் மழை பொய்த்தாலும், ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லித்தான் தேற்றுவார்கள். கவிழும் கப்பலில் இருப்பவன் என்ன செய்வான், அவனுக்கு யார் ஆறுதல் சொல்வார்கள் என்று யாரும் கேட்டதில்லை. விதிவசத்தால் அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே சில ஆண்டுகள் என் பிழைப்பாக இருந்தது.

சென்ற விளையாட்டு விழாவில் என்னை நான்கு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் மலர்க் குழுவைச் சேர்ந்த பேராசிரியர், "பேசியதை அப்படியே எழுதித் தாருங்கள் ஐயா" என்றார். நான் பள்ளியிறுதி வகுப்பு வரை படித்தவன். கல்லூரி மலரில் எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று தயங்கினேன். என் பேத்தி இங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "தாத்தா, கப்பலில் நடந்ததை எழுதுங்கள், கப்பலைப் பற்றி வேண்டாம்" என்று அவள்தான் வழி காட்டினாள். எனவே பீரங்கி, ஏவுகணை பற்றிய செய்திகளை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். கடலில் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும் மனிதர்களின் மனத்தைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்பதுதான் என் பொருள்.

தண்ணீரில்லாக் காட்டிலிருந்து தண்ணீருக்குள்

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமம் எங்களுடையது. கோடையில் கால் நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும் நிலம். ஐப்பசியில் நடந்தால் காலணியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் நிலம். மழை பெய்தால் சோளம், கம்பு, பருத்தி. பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஒட்டுவது. எனக்குத் தெரிந்த பெருநீர் எல்லாம் ஊர்க் கண்மாய் ஒன்றே. அதுவும் ஆண்டில் நான்கு மாதந்தான்.

1979-இல் கடற்படைக்கு ஆள் எடுத்தார்கள். கோவில்பட்டி ஹாக்கி ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். நானும் பள்ளியில் ஹாக்கி ஆடியவன். ஓட்டத்தில் தேறினேன், மருத்துவத்திலும் தேறினேன். புறப்படும் நாளில் என் தாயார் அழவில்லை. "ஏய்யா, குடிக்கத் தண்ணிக்கே குடத்தோட அலையிற ஊர்ல பொறந்துட்டு, அம்புட்டுத் தண்ணிக்குள்ள எதுக்குய்யா போற?" என்று மட்டும் கேட்டார்கள். அதற்கு இன்றுவரை என்னிடம் சரியான பதில் இல்லை.

விசாகப்பட்டினத்தில் பயிற்சி. பிறகு கப்பல். விளையாட்டில் ஈடுபாடு இருந்ததால் பின்னாளில் உடற்பயிற்சிப் பிரிவுக்கு வந்தேன். கப்பலில் உடற்பயிற்சி ஆசிரியன் என்றால் காலையில் கை காலை ஆட்டச் சொல்வதோடு வேலை முடியாது. ஓர் அதிகாரியின் மேற்பார்வையில், கப்பலிலுள்ள அத்தனை பேருக்கும் விளையாட்டு, திரைப்படம், போட்டி, பண்டிகை, பாட்டு என்று ஏற்பாடு செய்வதும் அவன் பொறுப்பாகிவிடும். "உனக்கென்னப்பா, ஊரெல்லாம் உழைக்க, நீ கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய்" என்று இயந்திர அறை நண்பர்கள் கேலி செய்வார்கள். ஒரு மாதம் கடலில் கழிந்த பிறகு அதே நண்பர்கள், "இன்றைக்கு என்ன ஏற்பாடு?" என்று தாமாகவே வந்து கேட்பார்கள்.

இரும்புக்குள் ஒரு கிராமம்

போர்க்கப்பலை ஒரு கிராமமாக எண்ணிப் பாருங்கள். ஆனால் அந்தக் கிராமத்தில் குழந்தை இல்லை, கிழவர் இல்லை, மரம் இல்லை, நிழலுக்கு ஒதுங்கத் திண்ணை இல்லை. ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிய படுக்கைகள். பக்கத்துப் படுக்கைக்காரன் புரண்டு படுத்தால் நமக்குத் தெரியும். அவன் குறட்டை, அவன் வியர்வை, அவன் வீட்டுக் கடிதத்தின் மணம் வரை தெரியும். சண்டை போட்டுக்கொண்டால் நம் ஊரில் வேறு தெரு வழியாகப் போகலாம். கப்பலில் வேறு தெரு கிடையாது.

வேலையோ கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. நான்கு நான்கு மணி நேரமாக நாளை ஆறாகப் பங்கிட்டுக் காவல் முறை வைப்பார்கள். மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள முறையை மட்டும் இரண்டாக வெட்டி, இரண்டிரண்டு மணி நேரமாக்கியிருப்பார்கள். அப்படிச் செய்தால் ஆறு முறை ஏழாகும். ஒற்றைப் படையானதால், நேற்று நள்ளிரவில் நின்றவன் இன்று வேறு நேரத்தில் நிற்பான். ஒருவனே என்றும் நடுச்சாமத்தில் விழிக்க வேண்டியதில்லை. பாய்மரக் காலத்திலேயே யாரோ ஒரு நியாயஸ்தன் கண்ட கணக்கு இது. அந்த மாலை நேரந்தான் நெடுங்காலமாகக் கப்பல்களில் பாட்டுக்கும் பேச்சுக்கும் விளையாட்டுக்கும் உரிய நேரம்.

இதனால் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. எந்நேரமும் ஒரு பகுதியினர் வேலையில் இருப்பார்கள், இன்னொரு பகுதியினர் உறக்கத்தில் இருப்பார்கள். ஆகவே எந்த நிகழ்ச்சியையும் ஒரு முறை நடத்தினால் நடத்தியதாகாது. படம் காட்டினால் இரண்டு தடவை காட்ட வேண்டும். கைதட்டல் வாங்கும் நிகழ்ச்சி, உறங்குபவனின் தலைமாட்டில் நடக்கக் கூடாது.

விளையாட்டுகளும் கடலுக்கேற்ப மாறும். ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தில் சுற்றிலும் வலை கட்டிக் கைப்பந்து ஆடுவோம். பந்து வலையைத் தாண்டினால் வருணபகவானுக்குக் காணிக்கை. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது கேரம் காய் தானே குழிக்குள் போய் விழும். "இது அடித்ததா, ஆண்டவன் கொடுத்ததா?" என்று அரை மணி நேரம் வழக்கு நடக்கும். அந்த வழக்கே விளையாட்டைவிடச் சுவையானது. கயிறு இழுக்கும் போட்டி, அந்தாட்சரி, எண்களைக் கூவி அழைக்கும் தம்போலா, எல்லாம் உண்டு. தம்போலாவுக்கு மொழி வேண்டாம். ஒன்று முதல் தொண்ணூறு வரை தெரிந்தால் போதும். பதினைந்து மொழி பேசுபவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சிரிக்க அதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. பண்டிகை நாட்களில் 'படாகானா' என்னும் பெருவிருந்து. அதிகாரிகள் மாலுமிகளோடு கலந்திருந்து பரிமாறுவார்கள். நேற்று நம்மைக் கடிந்துகொண்ட அதிகாரி இன்று நம் தட்டில் இனிப்பு வைக்கிறார் என்றால், மனத்தில் கிடந்த கல் கொஞ்சம் நகர்கிறது.

இந்திய விமானந்தாங்கிக் கப்பல்களான 'விக்கிரமாதித்யா', 2022-இல் படையில் சேர்ந்த 'விக்ராந்த்' போன்றவற்றில் ஏறத்தாழ 1,600 பேர் வாழ்கிறார்கள். விக்கிரமாதித்யா 2013-இல் நம் படைக்கு வந்தபோது, மாதம் ஒரு லட்சம் முட்டை, 20,000 லிட்டர் பால், 16 டன் அரிசி வேண்டும் என்று கணக்கு வெளியிட்டார்கள். வயிற்றுக்குக் கணக்குப் போட்டுவிடலாம். மனத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை டன் என்று யார் கணக்கிடுவது?

பனிக்கடலில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை

மனத்துக்கும் கணக்குப் போட்ட கப்பல் தலைவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆங்கிலக் கடற்படையைச் சேர்ந்த வில்லியம் எட்வர்டு பாரி என்பவர் 1819-இல் 'ஹெக்லா', 'கிரைப்பர்' என்னும் இரு கப்பல்களோடு வட துருவப் பகுதிக்குப் போனார். மெல்வில் தீவின் அருகே கடல் உறைந்து, கப்பல்கள் பனியில் சிக்கிக்கொண்டன. ஏறத்தாழ மூன்று மாதம் சூரியனே தலை காட்டாது. மொத்தம் 94 பேர். செய்வதற்கு வேலை இல்லை. போவதற்கு இடம் இல்லை.

பாரி என்ன செய்தார் தெரியுமா? இருள் சூழத் தொடங்கிய நவம்பர் 5-ஆம் நாளே கப்பலில் ஒரு நாடகத்தை அரங்கேற்றினார். இரண்டு வாரத்திற்கு ஒரு நாடகம் என்று ஏற்பாடு. நம் ஊர்க் கூத்தில் போலவே ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். மேல்தளத்தில் இசைப்பெட்டியை முழக்கி, அந்தத் தாளத்துக்கு மாலுமிகளைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார். வாரந்தோறும் ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் நடத்தினார்கள். எட்வர்டு சபைன் என்ற அதிகாரி ஆசிரியர். மொத்தம் 21 இதழ்கள் வந்தன. 1821-இல் இலண்டனில் அச்சாகவும் ஆயிற்று. கல்லூரி மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர்களைத் துரத்தும் நம் பேராசிரியர்கள், பனிக்கடலின் நடுவே கட்டுரை கேட்டுத் துரத்திய சபைனின் பாட்டை எண்ணி ஆறுதல் கொள்ளலாம்.

கணப்புக் குழாயின் சூட்டில் பெட்டிகளில் மண் நிரப்பிக் கடுகுக் கீரை வளர்த்து, நோயைத் தடுக்கவும் பாரி முயன்றார். 94 பேரில் ஒருவரைத் தவிர அனைவரும் ஊர் திரும்பினார்கள். 1821-இல் தொடங்கிய அடுத்த பயணத்தில், பனிக்காலத்தில் மாலுமிகளுக்குப் பள்ளிக்கூடமே வைத்து எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் கையாண்ட மருந்து இரண்டே. ஒன்று, வயிற்றுக்குப் பச்சை. மற்றொன்று, நாளைக்கு என்று ஒரு வேலை. "வரும் வியாழக்கிழமை நாடகம், என் வசனம் இன்னும் மனப்பாடமாகவில்லை" என்று கவலைப்படுகிறவனுக்கு இருளைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்காது.

பின் வந்த காலத்தில் இது பெரிய ஏற்பாடாகவே வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை, கான்கிரீட்டால் ஆன ஒரு மிதவையை ஐஸ்கிரீம் செய்யும் ஆலையாக மாற்றிப் பசிபிக் கடலுக்கு அனுப்பியது. பிரிட்டிஷ் கடற்படை 'மெனஸ்தியஸ்' என்ற கப்பலை, அரங்கும் பிற வசதிகளும் கொண்ட பொழுதுபோக்குக் கப்பலாகவே ஆக்கியது. இன்று 5,000 பேர் வரை செல்லும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களில் இதற்கென்றே படைசாராத ஊழியர்களை அமர்த்துகிறார்கள். விளையாட்டும் கேளிக்கையும் நடத்துபவரை மாலுமிகள் 'ஃபன் பாஸ்' என்றும், உடற்பயிற்சி தருபவரை 'ஃபிட் பாஸ்' என்றும் அழைக்கிறார்கள்.

இதில் நம் கரிசல் காட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் வியப்பாக இருக்கும். எங்கள் ஊரில் தீப்பெட்டி ஒட்டும் வீடுகளில் அந்நாளில் ஓயாமல் ஒலித்தது இலங்கை வானொலி. அந்தப் பாட்டு இல்லாவிட்டால் பெண்களின் கை ஓடாது. உலகப் போர்க் காலத்தில், தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமையின் கீழிருந்த வீரர்களின் மனச்சோர்வைப் போக்கக் கொழும்பில் ஒரு வானொலி நிலையம் அமைத்தார்கள். போர் முடிந்து, 1949-இல் அது இலங்கை வசம் வந்தது. அந்த ஆற்றல்மிக்க ஒலிபரப்பால்தான் இலங்கை வானொலியின் குரல் கடல் தாண்டி வெகுதூரம் கேட்டது. படைவீரனின் பொழுதுபோக்குக்காக வைத்த கருவி, பின்னொரு காலத்தில் கோவில்பட்டிப் பக்கத்துத் தாய்மார்களின் களைப்பைத் தீர்த்தது. விவித பாரதியில் படைவீரர்களுக்கென்றே 'ஜெய்மாலா' நிகழ்ச்சி வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். கப்பலில் அதற்காகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

வராதவனை எண்ணு

இனி என் மனத்தில் நிற்கும் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பெயரும் கப்பலின் பெயரும் இங்கே வேண்டாம்.

ஒரு நீண்ட பயணம். கரையை விட்டு நான்காவது வாரம். ஞாயிறு மாலைத் தம்போலாவில் கூட்டம் நெரிந்தது. மேலதிகாரிகளுக்கு மிகவும் மகிழ்ச்சி. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்தவன் நான். மாலையில் பட்டியில் அடைக்கும்போது வந்த ஆடுகளை எண்ணினால் போதாது, வராத ஆடு எது என்று பார்க்க வேண்டும் என்பது என் தகப்பனார் கற்றுக் கொடுத்த பாடம். அந்தக் கண்ணோடு பார்த்தபோது, ஒரு பையன் மூன்று வாரமாக வரவில்லை என்று தெரிந்தது. வேலையில் குறை இல்லை. காலை உடற்பயிற்சிக்கும் வந்துவிடுகிறான். ஆனால் சிரிக்கும் இடத்துக்கு வருவதில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயது. இரவில் காவல் முடிந்ததும் படுக்கப் போகாமல், கப்பலின் பின்புறம் கைப்பிடிக் கம்பியருகே தனியாக நிற்கிறான் என்று ஒருவர் சொன்னார். கப்பலின் பின்புறத்தில் இரவில் தனியாக நிற்பது நல்லதல்ல. அங்கிருந்து ஒருவன் விழுந்தால் இயந்திர ஓசையில் சத்தங்கூடக் கேட்காது.

பிரிவு அதிகாரியிடம் முதலில் விஷயத்தைச் சொன்னேன். "நீயே பேசிப் பார். தேவையானால் டாக்டரிடம் அழைத்துப் போவோம்" என்றார்.

அன்றிரவு இரண்டு குவளைத் தேநீர் எடுத்துக்கொண்டு பின்தளத்துக்குப் போனேன். "ஏன் சோகமாக இருக்கிறாய்?" என்று ஓர் ஆண்பிள்ளையிடம் கேட்டால், "ஒன்றுமில்லை" என்ற பதில்தான் வரும். எங்கள் ஊரில் யாரைக் கண்டாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதையே எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்: "உங்கள் பக்கம் மழை தண்ணீர் உண்டா?"

அவன் திரும்பிப் பார்த்தான். "இல்லை அண்ணா. இரண்டு வருஷமாக இல்லை" என்றான்.

அவன் மராட்டியத்தின் விதர்ப்பப் பகுதியைச் சேர்ந்தவன். அதுவும் கரிசல் மண், அங்கும் பருத்தி. எங்கள் நிலம் கோடையில் வெடிக்கும் என்றேன். தங்கள் நிலத்தின் வெடிப்பில் கன்றுக்குட்டியின் கால் மாட்டி முறிந்த கதையை அவன் சொன்னான். மழைக்குப் பின் மண் காலைப் பிடித்துக்கொள்ளும் என்றேன். "செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவோம்" என்றான். "நாங்களும் அப்படித்தான்!" என்றேன். ஆயிரம் மைலுக்கு அப்பால் பிறந்த இருவர், கால் வைக்க ஒரு பிடி மண்ணில்லாத கடலின் நடுவே நின்று, கரிசல் மண்ணைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். பிறகுதான் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். கடைசித் துறைமுகத்தில் வந்த கடிதம். பருத்தி போய்விட்டது, கடன்காரர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார், அக்காளின் திருமணம் நின்றுவிட்டது, தகப்பனார் யாருடனும் பேசுவதில்லை. கடிதத்தை அவன் எத்தனை முறை மடித்துப் பிரித்திருக்கிறான் என்பதை, மடிப்புகளில் கிழிந்திருந்த தாள் சொல்லிற்று. அன்று கைப்பேசி ஏது? பதில் எழுதினாலும் கரை சேர்ந்த பிறகுதான் தபாலில் சேரும்.

இதற்குத் தம்போலா மருந்தாகுமா? ஆகாது. பிரிவு அதிகாரியிடம் சொன்னேன். கரை சேர்ந்தவுடன் விடுப்பும், சம்பளத்தில் முன்பணமும் கிடைக்க அவர் ஏற்பாடு செய்தார். என்னால் ஆனது வேறு. கரை சேர இன்னும் பதினாறு நாள் இருந்தது. அந்தப் பதினாறு நாளும் அவன் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "வா, விளையாடு" என்று அழைக்கவில்லை. "எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, எண்களை நீ கூவித் தர வேண்டும்" என்று உதவி கேட்டேன். மறுக்க முடியாமல் வந்தான். முதல் நாள் அவன் குரல் மூன்றாவது வரிசைக்குக் கேட்கவில்லை. "சத்தமாக!" என்று கூச்சல் போட்டார்கள். இரண்டாம் வாரம் மராத்தியில் ஏதோ சொல்லி எண்ணைக் கூவினான். அவன் மாநிலத்துக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தானா என்று நான் பார்த்தேன். உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அது போதும் என்றிருந்தது.

அவன் பிழைத்தது என்னால் என்று சொல்ல மாட்டேன். விடுப்பில் போனவன் திரும்பி வந்தான். அக்காளின் திருமணத்தை அடுத்த ஆண்டு முடித்தான். என்னைவிட நீண்ட காலம் படையில் இருந்து ஓய்வு பெற்றான். பண்டிகை தோறும் இன்றும் பேசுகிறான். பேச்சை எடுத்ததும் முதலில் கேட்பது, "அண்ணா, உங்கள் பக்கம் மழை உண்டா?" என்பதுதான்.

விளையாட்டு எதைத் தீர்க்காது

இதைப் படிக்கிறவர்கள், பாட்டும் கூத்தும் இருந்தால் எந்தக் குறையையும் மறக்கடித்துவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. 1946 பிப்ரவரி 18-ஆம் நாள், பம்பாயில் 'தல்வார்' என்னும் கடற்படைப் பயிற்சி நிலையத்தில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். உண்ண முடியாத உணவு, குறைந்த ஊதியம், மேலதிகாரிகளின் இழிசொல் ஆகியவை உடனடிக் காரணங்கள். நாட்டு விடுதலை வேட்கை அடிப்படைக் காரணம். சில நாட்களில் 78 கப்பல்கள், 20 கரை நிலையங்கள், ஏறத்தாழ 20,000 மாலுமிகள் என்று அது பரவியது. அந்த மாலுமிகளுக்கு ஒரு கேரம் போர்டும் வாரம் ஒரு திரைப்படமும் கொடுத்திருந்தால் அடங்கியிருப்பார்களா? மாட்டார்கள், அடங்கியிருக்கவும் கூடாது. மானத்துக்கு விழுந்த அடியைத் தாயக்கட்டையால் ஆற்ற முடியாது. நல்ல சோறு, நியாயமான கூலி, மரியாதையான சொல் ஆகிய மூன்றும் இருக்கும் இடத்தில்தான் விளையாட்டு விளையாட்டாக இருக்கும். அவை இல்லாத இடத்தில் அது ஏமாற்று.

ஓய்வு என்பது மேலே இருப்பவர் போடும் பிச்சையும் அன்று. இதை நமக்கு முதலில் சொன்னவர்களில் ஒருவர் நம் பக்கத்து ஓட்டப்பிடாரத்துக்காரர். சுதேசிக் கப்பல் ஓட்டிய வ.உ.சிதம்பரனார்தான், 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். கூலி உயர்வோடு வார விடுமுறையும் அவர்களுடைய கோரிக்கை. கப்பல் என்றவுடன் அவரை நினைக்கிறோம். உழைப்பவனுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று நின்றவரும் அவரே என்பதைச் சேர்த்து நினைக்க வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

காலம் மாறிவிட்டது. பெண்களும் கடலுக்குப் போகிறார்கள். 2017-18-இல் ஆறு பெண் அதிகாரிகள் 'தாரிணி' என்ற சிறிய பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தார்கள். 2024 அக்டோபரில் அதே படகில் தில்னா, ரூபா அழகிரிசாமி என்ற இருவர் மட்டும் கோவாவிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ எட்டு மாதம் கடலில் உழன்று, 2025 மே மாதம் திரும்பினார்கள். இவர்களில் ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர். ஒருவர் உறங்கினால் மற்றவர் விழித்திருக்க வேண்டும். ஒருவர் மனம் சோர்ந்தால் மற்றவரே மருத்துவர், அவரே தாய். இந்தச் செய்தியைப் படித்த அன்று, என் தாயார் என்னிடம் கேட்ட கேள்வியை என் பேத்தியிடம் கேட்டுப் பார்த்தேன். "போகக் கூடாது என்று சொல்கிறீர்களா, போ என்று சொல்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டாள்!

ஹாக்கியும் வளர்ந்துவிட்டது. நான் வெறுங்காலோடு ஆடிய ஊரில் இன்று செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. இங்கே நடக்கும் அகில இந்தியப் போட்டிகளில் கடற்படை அணியும் வந்து ஆடியிருக்கிறது. நம் கோவில்பட்டி மாரீஸ்வரனும், இங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் 2022-இல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பெருமைதான். ஆனால் மைதானத்தில் ஆடும் பதினொருவரைப் பார்த்துக் கைதட்டுவதற்குப் பலர் இருக்கிறார்கள். மைதானத்துக்கே வராமல் விடுதி அறையில் படுத்துக் கிடப்பவனைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

என் கப்பலில் கடிதம் வந்தால் பத்துப் பேருக்குத் தெரியும். அவன் முகம் காட்டிக் கொடுத்துவிடும். இன்று கெட்ட செய்தி கைப்பேசியில் வருகிறது. படிப்பவனும் குனிந்திருக்கிறான், பக்கத்தில் இருப்பவனும் குனிந்திருக்கிறான். நாற்பது பேர் தங்கும் விடுதியில் ஒவ்வொருவரும் தனித்தனிக் கப்பலாக மிதக்கிறார்கள். உங்களில் பலர் வானம் பார்த்த பூமியிலிருந்து, வீட்டின் முதல் பட்டதாரியாக வந்திருப்பவர்கள். மக்காச்சோளம் விளையாவிட்டால் அடுத்த பருவத்துக் கட்டணம் என்னாகும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வகுப்பில் அமர்ந்திருப்பவர்கள். அந்தக் கணக்கை யாரிடமும் சொல்ல மாட்டீர்கள். கரிசல்காட்டான் பட்டினியை வெளியே சொல்ல மாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே மாணவ நண்பர்களே, ஒரு பழைய மாலுமியாகச் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் குறித்துக்கொண்டு ஏதேனும் ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள். கபடியோ, பட்டிமன்றமோ, பாட்டோ, எதுவானாலும் சரி. நாளை மாற்றாதீர்கள், "வெள்ளிக்கிழமை இருக்கிறது" என்று காத்திருப்பதே பாதி மருந்து. யாரையும் சிரிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். சோர்ந்திருப்பவனை வேடிக்கை பார்க்க அழைக்காதீர்கள். அவனிடம் ஒரு வேலையைக் கொடுங்கள், நாற்காலி போடவாவது, மதிப்பெண் குறிக்கவாவது. வந்தவர்களை எண்ணி மகிழும்போதே, வராதவன் யார் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அவன் அறைக்கதவைத் தட்டி, "ஏன் சோகம்?" என்று கேட்காதீர்கள். "உங்க ஊர்ல மழை உண்டாப்பா?" என்று கேளுங்கள். அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். கேட்ட குறை உங்கள் சக்திக்கு மீறியதானால், ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அவனைக் கையோடு அழைத்துப் போங்கள்.

பழமொழி சொன்ன பெரியவர்களிடம் எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. கப்பல் கவிழும்போது கன்னத்தில் கை வைக்காதே என்றார்கள், சரி. அந்தக் கையை வேறு எங்கே வைப்பது என்று அவர்கள் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்பவன் தோளில் வைக்கலாம் என்பது என் அனுபவம்.